ஒரு பல் என்ன விலை?

என் பல் போனதற்கு ஊரின் மேல் பழி போட வழியே இல்லை. பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், கடலூர் ரோட்டுப் பிள்ளையார்குப்பத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. மகளைப் பார்க்க வில்லியனூர் போனால், கொஞ்சம் தள்ளி அரியூரில் இன்னொன்று. கோரிமேட்டில் அரசே நடத்துவது வேறு. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் வாயை முழுசாகக் காலி செய்கிறான் என்றால், அது தனித்திறமைதான்.

என் வைத்தியம் எளிது. வலித்தால் கிராம்பு. கிராம்புக்கு அடங்காவிட்டால் பிடுங்கல். ரூட் கேனால் செய்து கேப் போட்டால் காப்பாற்றலாம் என்று டாக்டர்கள் சொன்னபோதெல்லாம், "ஒரு பல்லுக்கு இவ்வளவா? இன்னும்தான் நிறைய இருக்குதே" என்று கணக்குப் பேசினேன். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் பக்கத்துப் பல் அந்தப் பள்ளத்தில் சாயும், எதிர்ப் பல் நீண்டுகொண்டு வரும், தாடை எலும்பு கரையும். இதெல்லாம் என் கணக்கில் வரவே இல்லை.

கடைசியாகக் கீழே கோரைப்பல் இரண்டு மிஞ்சின. ஆடாத பற்கள். தனியாக நின்று அசிங்கமாகத் தெரிகின்றன என்று அடம்பிடித்து அவற்றையும் எடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் முழு வாய்க்கும் பல் கட்ட ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். நாற்காலியில் சாய்ந்ததும் என் முதல் கேள்வி: "ஒரு பல் என்ன விலைம்மா?"

அவர் விலை சொல்லவில்லை. சுகர் எவ்வளவு, புகையிலை உண்டா என்று கேட்டார். தாடை முழுக்கத் தெரிகிற எக்ஸ்ரே எடுத்தார். "கோரைப்பல்லை ஏன்யா எடுத்தீங்க? வாயிலேயே நீளமான வேர் அதுக்குத்தான். வேரை வெச்சுக்கிட்டு மேலே குட்டையாக்கி, அதுமேலயே செட்டை உட்கார வெச்சிருக்கலாம். எலும்பும் சீக்கிரம் கரையாது" என்றார்.

எனக்கு மிஞ்சிய வழிகள் மூன்று. கழற்றி மாட்டும் அக்ரிலிக் செட் ஒன்று. தாடையில் சில டைட்டானியம் ஸ்க்ரூ வைத்து, செட்டை அதில் பிடிக்க வைப்பது இன்னொன்று. நாலு முதல் ஆறு ஸ்க்ரூ வைத்து, நாமாகக் கழற்ற முடியாதபடி பல்வரிசையை முடுக்கிவிடுவது மூன்றாவது. எலும்பு போதாவிட்டால் அதற்கு முதலில் எலும்பை வளர்க்க வேண்டும். சொந்தப் பல் மிச்சமிருப்பவர்களுக்கு, அவற்றைக் காப்பாற்றி, கேப்பும் பிரிட்ஜும் போட்டு, தேய்ந்துபோன கடியின் உயரத்தையே திருப்பிக் கட்டும் வழியும் உண்டாம். அந்த வாசலைப் பூட்டிவிட்டு வந்தவன் நான்.

"மேல் செட் அண்ணத்தோட ஒட்டி நிக்கும். கீழே நாக்கு தள்ளும். ரெண்டு ஸ்க்ரூவாவது வையுங்க" என்றார். 2002இல் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதைத்தான் முதல் தேர்வாகச் சொன்னார்கள். நான் மெக்கிலை விடப் பெரியவன். சாதா செட்டே போதும் என்றேன்.

அளவெடுக்கும்போது "அம்மா, அம்மா" என்று சொல்லச் சொன்னார். "வலிக்கலையே டாக்டர்" என்றேன். தாடை ஓய்வாக நிற்கிற உயரத்தைக் கண்டுபிடிக்கத்தானாம் அது. மெழுகில் பல் அடுக்கிக் காட்டியபோது, வயதுக்கேற்ற நிறத்தை ஒதுக்கிவிட்டு சினிமா வெள்ளை கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி பார்த்தாள். "எல்லாம் சரிங்க, பல்லு மட்டும் நம்ம வீட்டுது இல்ல."

வைகாசியில் வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் தேருக்குப் போயிருந்தேன். தேர் நிலைக்கு வந்துவிட்டதா என்று சம்பந்தியிடம் கேட்க வாய் திறந்தேன். கீழ் செட் புறப்பட்டுவிட்டது.

மறுபடி டாக்டரம்மா. இந்த முறை விலை பேசாமல் ஸ்க்ரூவுக்குச் சம்மதித்தேன். அது எலும்பில் எப்படிப் பிடிக்கும் என்பதற்கு அவர் ஒரு கதை சொன்னார். ஸ்வீடனில் 1952இல் பிரோனேமார்க் என்பவர் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியம் கருவியைக் கழற்றப் போய், அது எலும்போடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தாராம். 1965இல் முதல் மனிதருக்குப் பொருத்தியது, அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை நின்றதாம். எலும்பு பிடிக்கச் சில மாதம் காத்திருக்க வேண்டும், புகையிலை அதற்குப் பகை. டீக்கடையில் இந்த முயல் கதையை விரிவாகச் சொல்லி முடித்த கையோடு புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அன்று மாலையே மனைவி அதைக் கைப்பற்றினாள்.

இப்போது கீழ் செட் இரண்டு ஸ்க்ரூவிலும் பிரஸ் பட்டன் போல 'டிக்' என்று உட்காருகிறது. முறுக்கு தவிர மற்றதெல்லாம் மெல்கிறேன். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், ஈறுக்கு ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பது உத்தரவு. "கழட்டிட்டீங்களா?" என்று மனைவி அடுக்களையிலிருந்து கேட்பாள். "கழட்டிட்டேன்" என்பேன், ஒரு எழுத்துகூடக் குழறாமல். அதிலேயே மாட்டிக்கொள்கிறேன்.