எஸ்.ஜி.பி.டி.யை ஏமாற்றுவது எப்படி?

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும், டாக்டர் பார்ப்பதற்குள் நீங்கள் பார்த்துவிட வேண்டும். முழுதாகப் படிக்க வேண்டாம். கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும் வரி போதும். எஸ்.ஜி.பி.டி. 78, லேப் போட்டிருக்கும் எல்லை 40. உடனே படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். சித்தி கீழாநெல்லி என்பார். மாமா, "எனக்கு 120 இருந்துச்சு, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பார். இரண்டையும் வைத்தியமாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த எண் எதைச் சொல்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளாதீர்கள், சுவாரசியம் போய்விடும். ஈரல் செல்லுக்குள் வேலை பார்க்கிற நொதி அது. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அடித்தது கொழுப்பா, சாராயமா, ஹெபடைடிஸ் பி, சி வைரஸா, காசநோய் மாத்திரையா என்று காட்டிக்கொடுக்காது. கூடவே ஏறும் எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் உண்டு. ஆகவே ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே ஆவேசமாகப் பளு தூக்கிவிட்டு, மறுநாள் காலை ரத்தம் கொடுங்கள். பழி ஈரல் மேல் விழும்.

எஸ்.ஜி.பி.டி.யைப் போல எஸ்.ஜி.ஓ.டி. இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எவ்வளவு குடிப்பீங்க?" என்பார். "எப்பவாச்சும், சோஷியலா" என்று சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை நாள் சோஷியல் என்று அடுத்த கேள்வி வரும். அப்போது மனைவி உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பவே கூடாது.

கொழுப்பு ஈரல் என்று சொல்லிவிட்டால் மாத்திரை கேளுங்கள். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறவரா? வேறு டாக்டர் பாருங்கள்.

இனி மூலிகை. கீழாநெல்லியை லேசாகப் பேசிவிட முடியாது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் 1988இல் லான்செட் இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் செய்தியை ஃபார்வர்டு செய்வதும் இரண்டாவதை விட்டுவிடுவதும் நம் மரபு. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் கஷாயம் குடித்துவிட்டு ஈரல் பழுதாகி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அதையும் விடுங்கள். லேபிள் இல்லாத டப்பாவில் வரும் லேகியத்தைத் தொடருங்கள், அது இயற்கை. டாக்டர் "வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்றால், "ஒண்ணும் இல்ல சார்" என்பதே சம்பிரதாயமான பதில். லேகியத்தை யாராவது மருந்தில் சேர்ப்பார்களா?

அடுத்தது விரதம். மறுபரிசோதனைக்குப் பத்து நாள் முன்பு குவார்ட்டரையும் பரோட்டாவையும் நிறுத்துங்கள். எண் இறங்கும். ரிப்போர்ட் வாங்கிய அன்று மாலையே கொண்டாடலாம். ஈரலில் படிந்த கொழுப்பு எங்கும் போயிருக்காது, ஆனால் அதைத்தான் யாரும் படம் எடுத்துக் குழுவில் போடுவதில்லையே.

40க்குக் கீழே வந்தவர்கள் இன்னும் நிம்மதியாக இருக்கலாம், ஒன்றைத் தவிர. ஈரல் சுருங்கி இறுகிப்போன பலருக்கும் எஸ்.ஜி.பி.டி. சாதுவாக 35இல் நிற்கும். கசிவதற்குச் செல் மிச்சம் இருந்தால்தானே! ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க அல்புமின், பிலிருபின், ரத்தம் உறையும் நேரம் என்று வேறு வரிகள் உண்டு. அவை கொட்டை எழுத்தில் வராதவரை யாரும் படிப்பதில்லை.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போனாலோ, வயிறு வீங்கினாலோ இந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போகும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை, கஷாயம், அந்த லேகிய டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.