ராஜாவுக்கு அடைமொழி பத்தவில்லை

விழுப்புரம் வட்டாரத்துப் பனமலை ஏரியை ஒட்டிய குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டியவர் பல்லவ அரசர் இரண்டாம் நரசிம்மவர்மன். சுமார் 700 முதல் 728 வரை ஆண்டவர். 'இரண்டாம்' என்று நாம் கூப்பிடுவது காதில் விழுந்திருந்தால் மனுஷன் கொதித்திருப்பார். அது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் குழம்பாமலிருக்கச் சரித்திரக்காரர்கள் ஒட்டிய நம்பர். அவர் தனக்குச் சூட்டிக்கொண்டதே வேறு.

பனமலைப் பாறையில் ஒரு சமஸ்கிருத சுலோகம் பல்லவ கிரந்தத்தில் வெட்டியிருக்கிறது. 'அரசர் பூமியை நெடுங்காலம் காக்கட்டும்' என்பதுதான் மொத்தச் சேதி. யார் அந்த அரசர்? ராஜசிம்மன், ரணஜயன், ஸ்ரீபரன், சித்ரகார்முகன், ஏகவீரன், சிவசூடாமணி. ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள், ஆறும் ஒரே ஆள். கல்தச்சன் சம்பளத்தை எழுத்துக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் பிழைத்திருப்பான்.

இதில் 'ரணஜயன்' என்றால் போரில் ஜெயித்தவன். பெருவளநல்லூரில் சாளுக்கியரோடு மல்லுக்கு நின்றது இவருடைய அப்பா பரமேசுவரவர்மன். பிள்ளையின் காலம் பெரும்பாலும் அமைதி. கோயில் கட்டவே நேரம் சரியாக இருந்தது. ஆனாலும் பட்டம் பட்டம்தான். அப்பா வாங்கிய வயலுக்குப் பிள்ளை பேரில் பட்டா.

பனமலையில் ஆறோடு விட்டது பாறையின் அதிர்ஷ்டம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பிராகாரத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன சன்னதிகள். அவற்றில் 'ஸ்ரீ' போட்டு ஒவ்வொன்றாக, சுமார் 250 பட்டங்கள். ஒருமுறை எழுதி ஆசை தீரவில்லை. அதே பட்டியலை அடுக்கடுக்காக, வெவ்வேறு எழுத்து வகைகளில் திரும்ப வெட்டவைத்தார். வடக்கேயிருந்து வருகிறவனும் தப்பிக்கக்கூடாது என்று நாகரியிலும். வீணை வாசித்தால் நாரதன், ஆகவே வீணாநாரதன். யானையை அடக்குவதில் வத்ஸராஜன் உதயணன், ஆகவே இபவத்ஸராஜன். வாத்தியத்தில் வித்யாதரன், சாஸ்திரத்துக்கு ஆகமப்பிரமாணன். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஒப்புதல் வாக்குமூலம்: அத்யந்தகாமன், ஆசைக்கு அளவே இல்லாதவன். பட்டியலைப் படித்து முடித்தவர்கள் இதை மட்டும் மறுக்க மாட்டார்கள்.

இந்த வியாதி பரம்பரை. எள்ளுத்தாத்தா முதலாம் மகேந்திரவர்மன் இதே விழுப்புரம் வட்டாரத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து, செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை என்று பெருமை பேசிக் கல்வெட்டு வைத்தார். கையெழுத்து: விசித்திரசித்தன். பக்கத்துத் தளவானூரில் சத்ருமல்லன், பகைவருக்கு மல்லன். மத்தவிலாசன் என்ற பட்டத்தைத் தான் எழுதிய நகைச்சுவை நாடகத்தின் தலைப்பிலேயே செருகினார். சித்திரகாரப்புலி என்றும் பெயர். புலி படம் வரையுமா என்று சபையில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவர் சத்ருமல்லன் ஆகிவிடுவாரே.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே அடைமொழியை ஊர் வைக்கும், அதுவும் ராஜா போய்ச் சேர்ந்த பிறகு. 978இல் பட்டத்துக்கு வந்த எதெல்ரெட் என்ற அரசருக்கு 'அன்ரெடி' என்று ஒட்டினார்கள். இன்றைய இங்கிலீஷ் காதுக்கு அது 'ஆயத்தமில்லாதவன்'. காலையில் எழுந்து பல் துலக்காமல் போருக்குப் போனவர் போலத் தோன்றும். பழைய இங்கிலீஷில் அது 'நல்யோசனை கெட்டவன்'. எதெல்ரெட் என்ற பெயருக்கோ 'மேலான யோசனை' என்று பொருள். பெயரை வைத்தே பெயரைக் கெடுத்த குசும்பு. கல்தச்சன் சம்பளம் ராஜாவின் கையில் இருக்கிற ஊரில் இந்த விபத்து நடக்காது.

ராஜசிம்மனின் அடைமொழிகள் பின்னாளில் அறிஞர்களையும் மோதவிட்டன. மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்திலும் கணேச ரதத்திலும் 'அத்யந்தகாமன்' என்ற பட்டம் இருக்கிறது. யார் அந்த அத்யந்தகாமன் என்று கட்சி கட்டினார்கள். 1962இல் இரா. நாகசாமி, மாமல்லபுரத்துச் சின்னங்கள் அத்தனையும் ராஜசிம்மனுடையவை என்று வாதிட்டார், மற்றவர்கள் ஒப்பவில்லை. ஊருக்கே பேர் கொடுத்த மாமல்லன் கொள்ளுத்தாத்தா; கொள்ளுப்பேரன் அவர் மடியிலிருந்தே ரதத்தை உருவப் பார்க்கிறார். ஒரு விலாசத்தைத் தெளிவாக எழுதியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

இத்தனையும் கைவசம் இருந்தவர் 720இல் என்ன செய்தார் தெரியுமா? சீனத்துத் தாங் பேரரசருக்குத் தூது அனுப்பினார். அரபியரையும் திபெத்தியரையும் என் யானைப்படையும் குதிரைப்படையும் தண்டிக்கத் தயார், படைக்கு மட்டும் ஒரு பெயர் வைத்துத் தாருங்கள் என்றார். ஊரில் 250 பட்டம் வெட்டியவருக்குப் படைக்கு ஒரு பெயர் தோன்றவில்லை! பேரரசர் ஷுவான்சோங் 'அறத்தைப் போற்றும் படை' என்று வைத்தார். ராஜா விடவில்லை, சீனத்துக்காகக் கட்டிய கோயிலுக்கும் பெயர் கேட்டார், அதுவும் வந்தது. அந்த ஆண்டின் கடைசியில் சீனத்துத் தூதர் ஓர் ஆணையும் கொண்டுவந்தார். ஏற்கெனவே இருபது வருஷமாக அரியணையில் இருந்தவருக்கு அதில் கிடைத்த பட்டம்: தென்னிந்திய ராஜ்யத்தின் அரசர். முன்னால் ஒரு 'ஸ்ரீ' கூட இல்லை.