நாலேகால் பஸ்ஸும் 23 கிரெடிட்டும்

எங்கள் காலத்தில் பி.எஸ்சி.யில் என்ன படிப்பது என்பதை மூன்று பேர் கூடி முடிவு செய்தார்கள்: மார்க் ஷீட், கல்லூரி ஆபீஸ் கிளார்க், குடியாத்தம் பஸ். படிக்கப் போகிறவனைக் கேட்கும் வழக்கமில்லை. கேட்டிருந்தாலும் அவனிடம் பதில் இருந்திருக்காது.

நான் பிளஸ் டூ முடித்தது 1982-இல். பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்து, அதன் முதல் செட் 1980-இல்தான் வெளியே வந்திருந்தது. ஊரில் பாதிப் பேர் இன்னமும் "பையன் பி.யு.சி.யா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1200-க்கு நான் வாங்கியது மருத்துவத்துக்கும் எட்டவில்லை, இன்ஜினீயரிங்குக்கும் எட்டவில்லை. எட்டாதவர்களுக்கென்று அரசாங்கம் பி.எஸ்சி.யை வைத்திருந்தது.

நைனா லுங்கித் தறி ஓட்டுகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு வேலூருக்கு வந்தார். எனக்குக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் இரண்டிலும் இடம் கிடைக்கும் நிலை. ஆபீஸ் கிளார்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பாடம் பாடமாக எடை போட்டார். "கெமிஸ்ட்ரின்னா வாரத்துல மூணு நாள் லேபு. அஞ்சு மணி ஆயிடும். பிசிக்ஸுன்னா நாலு மணிக்கு விட்டுடுவாங்க."

"நாலேகால் பஸ்ஸைப் புடிச்சுடலாங்களா சார்?" என்றார் நைனா.

"புடிச்சுடலாம்."

இப்படித்தான் நான் நியூட்டன் வழிக்கு வந்து சேர்ந்தேன். டி.சி.யை அங்கேயே கொடுத்தாகிவிட்டது. டி.சி. ஒரு கல்லூரியின் பீரோவுக்குள் போய்விட்டால் அப்புறம் மனம் மாறுவதற்கெல்லாம் இடமில்லை. கல்யாணத்தில்கூட அதைவிட நெகிழ்ச்சி உண்டு.

பாடச்சுமை என்று ஒன்று இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு இங்கிலீஷ், பகுதி மூன்று மெயினும் ஆன்சிலரியும். பிசிக்ஸ் மெயினுக்குக் கணக்கும் கெமிஸ்ட்ரியும் ஆன்சிலரி. எடுக்கவும் விடவும் ஒன்றுமில்லை. எது முதல் வருடம், எது இரண்டாம் வருடம் என்பதுகூட நாங்கள் பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்ததுபோல் இருந்தது. எங்களுக்குக் கணக்கு முதலில் வந்தது அதிர்ஷ்டம். நாராயணன் - மாணிக்கவாசகம் பிள்ளை புத்தகத்தில் வெக்டரையும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனையும் ஒரு வருடம் தேய்த்தவனுக்கு, பின்னால் மின்காந்தவியல் வரும்போது பயம் பாதியாகக் குறைந்திருக்கும். கெமிஸ்ட்ரி முதலில், கணக்கு பிறகு என்று வரிசை அமைந்த கல்லூரிகளும் இருந்தன. அங்கே படித்த என் நண்பன் கேள்விப்படாத கணக்கை வைத்துக் கேள்விப்படாத இயற்பியலைப் படித்தான். வரிசையைப் போட்டவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

வருடத்துக்கு ஒரே பரீட்சை. மெயின் தாள்களில் பெரும்பகுதி மூன்றாம் வருடக் கடைசியில்தான். ஆகவே ஜூன் முதல் டிசம்பர் வரை நாங்கள் மனிதர்களாக வாழ்ந்தோம். மதியக் காட்சி, கேன்டீன் வடை, கோட்டை அகழி ஓரத்தில் உலக அரசியல். பொங்கல் கழிந்ததும் பிரிஜ்லால் - சுப்பிரமணியத்தைத் திறப்போம். அட்டை புதுசாக இருக்கும். மார்ச்சில் இரவெல்லாம் விளக்கெரியும். தவறினால் செப்டம்பர். "அவன் செப்டம்பர்" என்றால் போதும், பெண் கொடுக்க யோசிப்பவர்களுக்கும் விஷயம் விளங்கிவிடும்.

உண்மையான சுமை பாடத்திட்டத்தில் எங்குமே எழுதப்படாத ஒன்று. தமிழ் மீடியத்தில் 'முடுக்கம்' என்று படித்துவிட்டு வந்தவன், முதல் நாளே அத்தனையையும் இங்கிலீஷில் கேட்க வேண்டும். ஆறு மாதம் நான் வகுப்பில் உட்கார்ந்தேன் என்பதைவிட மழையில் நின்றேன் என்று சொல்வது பொருத்தம். நூலகத்தின் கடைசி ரேக்கில், கல்லூரி மாணவர்களுக்கென்று தமிழில் அரசாங்கம் போட்ட அறிவியல் புத்தகங்கள் தூசி படிந்து கிடந்தன. இங்கிலீஷ் மீடியத்துக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று அட்டையை உள்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு படிப்போம். புரிந்துகொண்டது தமிழில், எழுதியது இங்கிலீஷில். அந்த இரட்டை வேலைக்கு யாரும் கிரெடிட் தரவில்லை.

பிறகு நானே அந்த வகுப்பறையின் கரும்பலகைப் பக்கம் போய் நின்றேன். அப்போதுதான் வரிசையை யார் போடுகிறார்கள் என்பது தெரிந்தது. ஒரு உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு என்பது யு.ஜி.சி. கணக்கு. அது குறைந்தால் துறையில் ஒரு போஸ்ட் ஆட்டம் காணும். ஆன்சிலரிக் கணக்கு பிசிக்ஸ்காரனுக்கு எத்தனை மணி நேரம், கெமிஸ்ட்ரிக்காரனுக்கு எத்தனை என்று துறைத் தலைவர்கள் பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பாகப்பிரிவினையில் கிணற்றுத் தண்ணீர் பிரிப்பதுபோல் அத்தனை நுணுக்கம். மாணவன் தாங்குவானா என்ற கேள்வி அந்தக் கூட்டங்களில் ஒருமுறையும் எழுந்து நான் பார்க்கவில்லை. யாரும் கெட்டவர்களில்லை. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை, அவ்வளவுதான்.

2008 வாக்கில் எங்கள் கல்லூரிகளுக்கு 'விருப்பத் தேர்வு' முறை வந்தது. கிரெடிட், செமஸ்டர், எலக்டிவ் எல்லாம் ஒரே பெட்டியில் வந்திறங்கின. இனி மாணவர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று மேடையில் பேசினார்கள். நானும் கைதட்டினேன். மறுநாள் துறையில் உட்கார்ந்து எந்த எலக்டிவை நடத்த ஆளிருக்கிறது என்று பார்த்து, அந்த ஒன்றை மாணவர்களின் விருப்பமாக முடிவு செய்தோம்.

இப்போது என் அக்காவின் பேத்தி பிசிக்ஸ் படிக்கிறாள். அவள் இணையத்தில் விண்ணப்பித்தாள், பல கல்லூரிகள், பல பாடங்கள். முதல் விருப்பம் கம்ப்யூட்டர் சயின்ஸ். கிடைத்தது பிசிக்ஸ். அங்கே இடம் காலியாகவே இருந்தது. எங்கள் நாளில் சிபாரிசுக் கடிதத்தோடு ஆள் நின்ற பாடம். "எனக்கு சாய்ஸ் இருந்துச்சு தாத்தா, அது ஃபில் ஆயிடுச்சு" என்றாள். தமிழ்நாட்டு உயர்கல்வியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முதல் செமஸ்டர் அட்டவணையைப் போனில் அனுப்பினாள். வாரத்துக்கு 30 மணி நேரம், 23 கிரெடிட். மூன்று வருடத்தில் சேர்க்க வேண்டியது 140. தமிழ், இங்கிலீஷ், கோர், ஸ்கில், ஃபவுண்டேஷன் என்று நீண்ட பட்டியலில் 'எலக்டிவ்' என்ற கட்டத்துக்கு எதிரே கணக்கு இருந்தது. எங்கள் ஆன்சிலரிக் கணக்கேதான். 1982-இல் கட்டாயமாக இருந்தது இன்று விருப்பமாகியிருக்கிறது. ஒரே வித்தியாசம், அன்று அது பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லலாம். இப்போது நீதானே தேர்ந்தெடுத்தாய் என்பார்கள்.

வேறு துறையிலிருந்து ஒரு பாடம் எடுக்க வேண்டும் என்றும் ஒரு ஏற்பாடு. பிசிக்ஸ் துறை மற்ற துறைப் பிள்ளைகளுக்கு 'வீட்டு மின்சார அமைப்பு', 'டிஜிட்டல் போட்டோகிராபி' என்றெல்லாம் வைத்திருக்கிறது. எனக்குச் சற்றுப் பொறாமைதான். பிசிக்ஸில் பட்டம் வாங்கிய பிறகும் வீட்டில் ஃபியூஸ் போனால் எங்கள் தெரு வயர்மேனுக்குத்தான் ஆள் அனுப்பினார் நைனா. ஆனால் பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிறவளுக்கு அது கிடையாது, அவள் வேறு துறைக்குத்தான் போக வேண்டும். எந்தத் துறைக்கு? மார்க் தாராளமாகப் போடும் துறைக்கு. கூகுள் ஃபார்ம் ராத்திரி எட்டு மணிக்குத் திறந்ததாம். எட்டேகாலுக்கு எல்லாம் முடிந்ததாம்.

இவை போதாதென்று சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, விடுமுறையில் இன்டர்ன்ஷிப், 'நான் முதல்வன்' திட்டத்தில் ஒரு திறன் பாடம். எக்ஸ்டென்ஷன் என்று என்.எஸ்.எஸ்.ஸுக்கும் கிரெடிட் உண்டு. நாங்கள் சனிக்கிழமை என்.சி.சி. பரேடுக்குப் போனது பூரிக்கிழங்குக்காக. பூரியை நிறுத்திவிட்டு கிரெடிட் கொடுத்திருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டோம்.

ஒவ்வொன்றும் நல்லதுதான். தனித்தனியாகப் பார்த்தால் எதை நீக்குவது என்று எனக்கும் தெரியவில்லை. சிக்கல் கூட்டுத்தொகையில். எங்களுக்கு ஆண்டுக்கு ஒரு பரீட்சை. இவளுக்கு இன்டர்னல், அசைன்மென்ட், செமினார், மறுபடி இன்டர்னல், உடனே செமஸ்டர். எங்கள் முறையில் எட்டு மாதம் சோம்பல், இரண்டு மாதம் நரகம். இவள் முறையில் நரகத்தைப் பத்து மாதத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். சமூக நீதி என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் செமஸ்டரில் அவள் அம்மா போன் செய்தாள். "மாமா, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் எழுதிக்கிட்டே இருக்கா. நீங்க கொஞ்சம் என்னன்னு கேளுங்க."

கேட்டேன். கோர் லேப் ஒன்று, எலக்டிவ் லேப் ஒன்று. அதற்கு மேல் என்.பி.டி.இ.எல்.லில் 12 வார ஆன்லைன் கோர்ஸ் ஒன்று. வாராவாரம் அசைன்மென்ட், கடைசியில் தேர்வு. அதுவும் போதாமல் கட்டணம் கட்டி ஒரு பைத்தான் சான்றிதழ். "லேபுக்கெல்லாம் கிரெடிட் கம்மி தாத்தா, ஈஸியா முடிஞ்சுடும்னு நெனச்சேன்" என்றாள்.

இங்கேதான் அந்த எண் ஏமாற்றுகிறது. யு.ஜி.சி. கணக்கில் வகுப்புப் பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேரம். லேபில் அதே ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் நிற்க வேண்டும். இரட்டிப்பு. அதிலும் ரெக்கார்டு எழுதும் இரவு சேராது. பட்டியலில் இளைத்துத் தெரியும் பாடம்தான் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அந்த ரெக்கார்டு நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது வருடத்தில் லாகரிதம் பார்க்கும் கிளார்க்ஸ் டேபிள் போய்விட்டது, தவளையை அறுப்பது போய்விட்டது, ஏன், கரும்பலகையே பல இடங்களில் போய்விட்டது. ரெக்கார்டு நோட்டு போகவில்லை. இடப்பக்கம் வெள்ளைத்தாள், அதில் பென்சிலில் படமும் அட்டவணையும். வலப்பக்கம் கோடு போட்டது, அதில் நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை. நான் 1983-இல் சீனியரைப் பார்த்து எழுதிய நியூட்டன் வளையம், அவள் தன் சீனியரைப் பார்த்து எழுதும் நியூட்டன் வளையத்தோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறது. மைக்ரோஸ்கோப்பில் வளையம் எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போவதும் அதே. கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தால் காப்பி அடிப்பார்களாம், அதனால் கையால் காப்பி அடிக்கச் சொல்கிறார்கள். முகப்பில் கையெழுத்துக்குக் காத்து நிற்பதும் மாறவில்லை. சாருக்கு அன்று மனநிலை எப்படி என்று முதலில் ஒருவனை அனுப்பிப் பார்ப்போம். இவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்கிறார்கள்.

நான் சொன்னது இவ்வளவுதான். பைத்தானை விட்டுவிடு, அது செமஸ்டர் லீவில் காத்திருக்கும். என்.பி.டி.இ.எல். கோர்ஸை லேப் ஒன்று மட்டும் உள்ள செமஸ்டருக்குத் தள்ளு. கணக்கை மட்டும் விடாதே; அதற்கு மார்க் குறைந்தாலும் பரவாயில்லை, மூன்றாம் வருடத்தில் குவாண்டம் வரும்போது அதுதான் கை கொடுக்கும். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் பைத்தான் கட்டணம் திரும்பி வராது என்பதால் அவள் அம்மா அதை விட ஒப்புக்கொள்ளவில்லை. லேபை விட முடியாது, கட்டணத்தை விடக்கூடாது. எனவே தூக்கத்தை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த ஜூனில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலபஸைக் கேட்காதீர்கள், இணையத்தில் பளபளவென்று கிடைக்கும். போன வருடத்து டைம் டேபிளைக் கேளுங்கள். அந்த எலக்டிவ் பட்டியலில் எவை உண்மையில் நடந்தன என்று கேளுங்கள். துறைத் தலைவரிடம் வேண்டாம், கேன்டீனில் நிற்கும் இரண்டாம் வருடப் பிள்ளையிடம், ஒரு செமஸ்டருக்கு எத்தனை ரெக்கார்டு நோட்டு, லேப் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று விசாரியுங்கள். அதற்குப் பிறகு உங்கள் ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்பதையும் பார்த்துவிட்டு டி.சி.யைக் கொடுங்கள்.