ஆடும் பல்லுக்கு ஆயுட்கால உத்தரவாதம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் புன்னகைப் பிரிவு,
குளுகுளு வசதி கொண்ட பல் மருத்துவமனை ஒன்று,
சென்னை.

பொருள்: கீழ்த்தாடை இடப்பக்க முதல் கடைவாய்ப்பல்லின் இடத்தில் தாங்கள் பொருத்திய இம்ப்ளான்ட் பல், தங்கள் கணினியில் எண் 36, மறுபடியும் ஆடுவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். பல் ஆடினாலும் என் மாதத் தவணை ஆடுவதில்லை; ஐந்தாம் தேதியானால் வங்கிக் கணக்கில் சரியாகக் கை வைத்துவிடுகிறது.

சென்ற மாதம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணப் பந்தி. பாயசத்தில் முந்திரி அகப்பட்டதென்று ஆசையோடு நாக்கால் தடவினால், அந்த முந்திரிக்கு வால் இருந்தது. இலையோரம் எடுத்து வைத்துப் பார்த்தேன். தாங்கள் பொருத்திய கிரௌன், அதன் அடியில் அதைத் தாங்கும் அபட்மென்ட், அதற்கும் கீழே திருகு, மூன்றும் குடும்பத்தோடு கிளம்பி வந்திருந்தன. பக்கத்து இலைக்காரர், "சார், அதைச் சாப்பிடலையா?" என்று கேட்டார். விழுங்கியிருந்தால் வயிற்றோடு போயிருக்கும். மூச்சுக்குழாய்ப் பக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கடிதத்தை என் மனைவி எழுதிக்கொண்டிருப்பார்.

அன்றிரவே தாங்கள் கொடுத்த ஆயுட்கால உத்தரவாத அட்டையைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் தங்க எழுத்து, பின்பக்கம் எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் படித்ததில், உத்தரவாதம் எலும்புக்குள் இருக்கும் டைட்டானிய இம்ப்ளான்டுக்கு மட்டும்தானாம். அபட்மென்ட், திருகு, கிரௌன், டாக்டரின் கைவேலை எதுவும் அதில் சேராது. எது கெடாதோ அதற்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம். எது கழலுமோ அதற்கு ஒவ்வொரு முறையும் கன்சல்டேஷன் ஃபீஸ். இந்த வாசகத்தை எழுதியவருக்குத் தாங்கள் சம்பள உயர்வு தரவில்லையென்றால் உடனே தரவும்.

டைட்டானியத்தின் மேல் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. சுவீடன்காரர் பிரோனமார்க் 1950களில் முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவி, ஆராய்ச்சி முடிந்த பிறகு பிடுங்க வராமல் அடம்பிடித்தது. அந்தப் பிடிவாதத்தை நம்பி 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் பல்லுக்கான ஆணிகளைப் பொருத்தினார். லார்சன் 2006இல் காலமாகும்வரை அவை உழைத்தன. என் தாடையில் இருப்பதும் அசையவில்லை. எலும்பு இறுகப் பிடித்திருப்பதை எக்ஸ்ரேயில் தாங்களே பெருமையாகக் காட்டினீர்கள். ஆடுவதெல்லாம் அதற்கு மேலே, தங்கள் கை படும் இடம்.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒரே சடங்கு. போன முறை பார்த்த டாக்டர் "இன்னைக்கு வேற பிராஞ்ச்" என்பார்கள். புதிதாக ஓர் இளம் டாக்டர் வந்து கோப்பைப் புரட்டுவார். அதில் நான் கட்டிய தொகையைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்காது. கிரௌனின் நடுத்துளையை அடைத்திருக்கும் பூச்சைக் குடைந்து எடுப்பார். உள்ளேயிருந்து சின்னதாய் ஒரு வெள்ளைச் சுருள் வரும். குழாயில் சுற்றும் டெஃப்லான் டேப்தான். திருகின் தலையைக் காக்கப் பல் டாக்டர்கள் வழக்கமாக வைப்பது அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தெரு ப்ளம்பர், அதே குழாய் மறுபடி ஒழுகினால், "வாஷர் போயிருக்கு சார்" என்று வாஷரை மாற்றுகிறார். தங்கள் டாக்டரோ அதே பழைய திருகை விரல் நுனியால் இறுக்கி, புது டேப் திணித்து, நீல விளக்கைக் காட்டி அடைத்துவிட்டு, "செட் ஆயிடுச்சு அங்கிள்" என்கிறார்.

அந்தத் திருகு இழுபட்டால்தான் பிடிக்கும். அளவாக இறுக்கும்போது அது மயிரிழை நீள்கிறது. அந்த இழுவிசைதான் கிரௌனைக் கீழே அழுத்தி வைக்கிறது. பல நிறுவனங்களின் திருகுக்கு 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் வேண்டும். விரலுக்கு அந்த அளவு எட்டாது. அதற்கென்றே டார்க் ரெஞ்ச் இருக்கிறது. முதல் இறுக்கத்தில் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று படிந்து பிடி சற்றுத் தளர்வதால், பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை இறுக்கச் சொல்கிறார்கள். தங்கள் தட்டில் ஒரு டார்க் ரெஞ்ச் பார்த்தேன். உறை பிரிக்காமல், மிகச் சுத்தமாக இருந்தது.

பிறகு, "கடிச்சுப் பாருங்க அங்கிள், உயரமா தெரியுதா?" என்ற கேள்வி. சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு உண்டு. ஒரு மணல் அகப்பட்டாலும் சொல்லிவிடும். இம்ப்ளான்டுக்கு அந்தச் சவ்வு கிடையாது. தெரியாத பல்லிடமே தெரிகிறதா என்று கேட்டால் அது என்ன சொல்லும்? நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே அழுத்தமாகப் படிகிறதென்று பார்ப்பது டாக்டரின் வேலை.

கடைசியாகப் பழி என் தலையில். "முறுக்கு, சீடை சாப்பிட்டீங்களா?" தங்கள் விளம்பரத்தில் ஒரு தாத்தா முழு ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கழன்றது பாயசத்தில். "ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா?" தவணைக் குறுஞ்செய்தி வரும் இரவுகளில் கடித்திருக்கலாம். அப்படியானால் இரவில் மாட்டிக்கொள்ளும் பற்காப்பு ஒன்றைச் செய்து தருவதுதானே? நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் ஐந்து நட்சத்திரம் கேட்டுக் குறுஞ்செய்தி மட்டும் வந்துவிடுகிறது.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: அந்தக் களைத்த திருகைக் கடாசிவிட்டு, அதே நிறுவனத்தின் புதுத் திருகைப் போடுங்கள். அபட்மென்ட் இடைவெளியின்றி உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே எடுங்கள். கடி உயரத்தைச் சரிபாருங்கள். ரெஞ்சின் உறையைப் பிரியுங்கள். செய்ததைக் கோப்பில் எழுதி, ஒரு நகலை என் கையில் கொடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரக் கட்டணமே கிடையாது. கால அவகாசம் 2 ஆண்டு. தாங்கள் கொடுத்த எல்லா ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நிரந்தர வாடிக்கையாளன்