நைட்டி போட்ட மந்திரவாதி

1997-இல் வெளியான முதல் ஹாரி பாட்டர் கதையில், மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் முடங்கிக் கிடக்கும் அநாதைப் பையன், 11 வயதில் தான் மந்திரவாதி என்று தெரிந்துகொள்கிறான். பள்ளியில் சேர அவன் வாங்கவேண்டிய பட்டியலில் முதலில் நிற்பது கறுப்பு அங்கி, மூன்று செட். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொளதொளவென்று இருக்கும். நைட்டி தைத்தே பேர் வாங்கிய தளவாய்புரத்தில் அந்த அங்கியின் படத்தைக் காட்டினால், "பூ டிசைன் வேண்டாமா? முன்னால ஜிப்பா, பட்டனா?" என்றுதான் கேட்பார்கள். சைடு பாக்கெட் வைக்கச் சொன்னால் மந்திரக்கோலுக்கும் இடம் ஆச்சு.

மாய விஷயத்தில் தளவாய்புரம் இருக்கும் விருதுநகர் மாவட்டம் ஹாரிக்குக் கால் நூற்றாண்டு மூத்தது. 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாகவே 'இரும்புக்கை மாயாவி' வந்து இறங்கிவிட்டான். 1962-இல் 'வேலியண்ட்' இதழில் பிறந்த அவனும் இங்கிலாந்துக்காரன்தான். ஆனால் ஹாரி அளவுக்குச் செலவு வைக்காதவன். ஆய்வகத்தில் உதவியாள் வேலை, விபத்தில் ஒரு கை போச்சு. ஷாக் அடித்தால் இரும்புக்கை தவிர மற்றதெல்லாம் மறையும். அங்கி வேண்டாம், ஆந்தை வேண்டாம். ஒரு பிளக் பாயிண்ட் போதும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் தளவாய்புரம் பக்கம் வந்தால்தான் சிக்கல்: அவனுக்கு முன்னால் கரண்ட் மறைந்திருக்கும், தையல் மிஷின்களோடு அவனும் சாயங்காலம்வரை சும்மா உட்காரவேண்டியதுதான்.

பிள்ளைகளுக்கு ஏழு பாகம் ஹாரி பாட்டர் வாங்கித் தரும் பெற்றோர்களே, கூடவே ஒரு மாயாவியையும் வாங்கிக் கொடுங்கள். பிளக் பாயிண்டில் விரல் விடக்கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.