கறிவேப்பிலையின் விலையின்மை: புறநகர் ஞாயிறு சந்தையை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

சந்தைக்கு மக்கள் காய்கறி வாங்கத்தான் போகிறார்கள் என்பது அறிஞர் பெருமக்கள் இதுநாள்வரை கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. தாம்பரத்துக்குக் கிழக்கே, பெயரில் மட்டும் ஏரி மிச்சமிருக்கும் நகர் ஒன்றில் ஞாயிறு மாலை கூடும் சந்தையைப் பையும் கையுமாகத் தொடர்ந்து கவனித்ததில் நாம் கண்ட முடிவு வேறு. மக்கள் அங்கே போவது ஒரு கொத்து கறிவேப்பிலையைச் சும்மா வாங்கிவர. தக்காளியும் கத்தரிக்காயும் அந்த உரிமையைப் பெறுவதற்குக் கட்டும் நுழைவுக் கட்டணம்.

முதலில் ஆய்வுக்களம். மூன்றரை மணி வாக்கில் குட்டி யானைகள் தெருமுனையில் வந்து நிற்கும். (விலங்கியல் துறையினர் பதற வேண்டாம்; டாடா ஏஸ் வண்டியைத்தான் சொல்கிறோம்.) தார்ப்பாய் விரியும், சாக்கு அவிழும், ஒலிபெருக்கி கண் திறக்கும். 'கிலோ இருபது, மூணு கிலோ அம்பது' என்று அது தொண்டை கிழியக் கூவும்போது, அந்தக் குரலுக்கு உரியவர் பக்கத்திலேயே வாயைத் திறக்காமல் டீ குடித்துக்கொண்டிருப்பார். இதே வியாபாரிகள் திங்கட்கிழமை இன்னொரு நகரில் இருப்பார்கள், செவ்வாய் வேறொன்றில். கோள்களுக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. ஆனால் எந்தக் கிழமை யார் எந்த மின்கம்பத்தடியில் கடை போடுவார் என்பது எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

இரு வகைச் சந்தைகளை ஆய்விலிருந்து விலக்கினோம். ஒன்று பல்லாவரம் சந்தை. அது வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதோடு அங்கே பழைய தையல் மிஷின், கிராமபோன், ஒரு கால் குறைந்த நாற்காலி எல்லாம் விற்கும். நாற்காலி வாங்கிவிட்டு 'கொசுறா ஒரு கால் போடுங்க' என்று கேட்பதில் நியாயம் இருந்தாலும் மரபு இல்லை. மற்றொன்று உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைக் கலைஞர் கருணாநிதி திறந்துவைத்தார். அங்கே அன்றாட விலையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள். பலகையோடு வாக்குவாதம் செய்ய முடியாது. அப்படியிருந்தும் அங்கேயும் கறிவேப்பிலை கேட்கும் கைகள் நீள்கின்றன. இது நமது கருதுகோளுக்கு வலுவே.

வரலாற்றுக்கு வருவோம். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மதுரையில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இயங்கியதைக் காட்டுகிறது. ஆகவே ஒன்பதரை மணிக்குக் கடை எடுக்கும்போது மலிவாக வாங்கலாம் என்று காத்திருக்கும் நம் மாமாக்களின் பழக்கம் சங்க காலத்தியது என்று துணியலாம். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் புகார் வணிகர்களுக்கு நற்சான்று தருகிறார்: வாங்கும்போது அதிகம் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், விற்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்களாம். சரி, விற்கும்போது கூடக் கொடுத்தார்களா? அந்த முக்கியமான இடத்தில் புலவர் மௌனமாகிவிடுகிறார். அவர் வீட்டுக்குக் காய் வாங்கிப் போனதே இல்லை என்பது நம் ஐயம்.

அளவைகள் பற்றிச் சிறிது. 1889 முதல் உலகத்தின் கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே பூட்டி வைத்த ஒரு பிளாட்டினம்–இரிடியம் உருளை. 2019 மே 20 அன்று அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோவுக்குப் புது வரையறை செய்தார்கள். எங்கள் சந்தையின் அடிப்படை அலகான 'கூறு'க்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. சாக்கின் மேல் ஐந்தாறு உருளைக்கிழங்கு, மேலே ஒன்று கோபுரக் கலசமாக, அதுதான் கூறு. அதன் வரையறை கடை போடும் ஆயாவின் உள்ளங்கையில் இருக்கிறது. இயற்பியலாளர்கள் கவனிக்க வேண்டிய வினோதம் ஒன்றும் உண்டு: கூறு காலத்தைச் சார்ந்தது. ஐந்து மணிக்கு இருபது ரூபாய்க்கு ஆறு கத்தரிக்காய் இருந்த கூறு, இரவு ஒன்பதுக்கு அதே இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டாக வளர்ந்திருக்கும். விலை மாறவில்லை, அண்டம் விரிந்திருக்கிறது.

அடுத்து, தகவல் சமமின்மை. விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இதனால் சந்தையே கெட்டுப்போகலாம் என்று ஜார்ஜ் ஆக்கர்லோஃப் 1970இல் பழைய கார்களை வைத்து நிறுவினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சிக்கலைத் தமிழ்நாட்டில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துத் தீர்த்து வெகுகாலம் ஆகிறது. 'டப்' என்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். சுரைக்காய்க்கு நகம், முருங்கைக்காய்க்கு ஒரு முறுக்கு, தேங்காய்க்குக் காதோரம் ஓர் ஆட்டு. இதில் ஆக்கர்லோஃப் எதிர்பார்க்காத பின்விளைவு ஒன்று: சோதித்தவர் போனபின் நுனி ஒடிந்த வெண்டைக்காய்கள் குவியலிலேயே கிடக்கின்றன. 'ஒடைக்காதீங்கம்மா, ஒடைச்சத எவ வாங்குவா?' என்று கடைக்காரப் பெண் கேட்டதற்கு, ஒடித்துக்கொண்டிருந்த அம்மாள் தலை நிமிராமல் சொன்ன பதில்: 'ஒடைஞ்சா நல்ல காய்னு அர்த்தம், அத வச்சு வில்லு.' நோபல் குழு எங்கள் பக்கம் வருவதில்லை.

இனி மையப் பொருள். கொசுறு கேட்பதற்கு ஒரு முகூர்த்தம் இருக்கிறது. தராசுத் தட்டிலிருந்து காய் பைக்குள் விழுந்த பின், பணம் கைமாறுவதற்கு முன். அதற்கு முன்னால் கேட்டால் அது பேரம், விலையில் சேர்ந்துவிடும். பணம் கொடுத்த பின் கேட்டால் அது யாசகம். இடைப்பட்ட சில நொடிகளில், பையின் வாயை விரித்துப் பிடித்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டு, 'கொஞ்சம் கறிவேப்பிலை போடும்மா' என்று சொல்ல வேண்டும். குரலில் கெஞ்சல் கூடாது, அதிகாரமும் கூடாது. ஆயா ஈரச் சாக்கைத் தூக்குவார். அடியிலிருந்து இரண்டு ஈர்க்கு வரும். கூடவே ஒரு பச்சை மிளகாயும் தவறி விழுந்தால் அது தவறி விழுந்ததல்ல. கொசுறைத் தராசில் வைப்பது கிடையாது. வைத்துவிட்டால் அந்த வீட்டோடு அந்தக் கடைக்கு உறவு முறிந்தது என்று பொருள்.

போணி நேரத்தில் கடன் கிடையாது, கொசுறு உண்டு. முதல் பணத்தைக் கண்ணில் ஒற்றித் தராசில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஆயா தாராளமாகவே இருப்பார். மழை பிடித்துக்கொண்டு கூட்டம் சிதறும் நேரத்தில் கேட்பவருக்கு ஒரு பார்வை மட்டும் கிடைக்கும்.

இந்த நடைமுறை அறியாதவர் என்ன ஆவார் என்பதை நேரில் கண்டோம். புதிதாகக் குடிவந்த இளைஞர் ஒருவர், காதில் கருவி மாட்டியபடி, 'கறிவேப்பிலை எவ்ளோ?' என்று கேட்டார். ஆயா அவரை ஏற இறங்கப் பார்த்து, 'அஞ்சு ரூபா' என்றார். அவர் கொடுத்தார். அடுத்து நின்ற பெண்மணி கால் கிலோ அவரைக்காயோடு அதே குவியலிலிருந்து அதைவிடப் பெரிய கொத்தைச் சும்மா வாங்கிப் போனார். இளைஞர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். ஆயா அவரை ஏமாற்றினாரா? இல்லை என்பதே நம் கருத்து. விலை கேட்டார், விலை சொன்னார். சும்மா கிடைப்பதை விலைக்குக் கேட்பவரிடம் வேறென்ன சொல்ல முடியும்?

மொராக்கோவின் செஃப்ரூ நகரக் கடைத்தெருவை ஆராய்ந்து மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1978இல் எழுதியதில் ஒரு செய்தி உண்டு: அங்கே யாரும் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதில்லை, ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு அவரிடமே திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். நாம் வாடிக்கை என்கிறோம். கீர்ட்ஸ் பேரத்தைப் பற்றி நிறையச் சொன்னார். கொசுறை நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைபேசிப் பணம் வந்ததும் கொசுறு ஒழியும் என்று சிலர் ஆரூடம் சொன்னார்கள். அவர்கள் இரு வேறு பொருள்களைக் குழப்பிக்கொண்டார்கள். யுபிஐக்கு முன்பு, அதாவது 2016 வரை, 'சில்லறை இல்ல சார், கொத்தமல்லி வாங்கிக்குங்க' என்று மூன்று ரூபாய்க்கு ஈடாக ஒரு கட்டு கையில் திணிக்கப்பட்டதே, அது கொசுறு அல்ல; இலை வடிவில் வந்த பாக்கி. இப்போது 37 ரூபாயை 37 ரூபாயாகவே அனுப்ப முடிகிறது, கடையில் வைத்த ஒலிப்பெட்டியும் ஊருக்கே கேட்கும்படித் தொகையை அறிவிக்கிறது. பாக்கி செத்தது. உண்மையான கொசுறோ, பெட்டி அறிவித்து முடிப்பதற்குள் பையில் விழுந்துவிடுகிறது. ஒரு புதிய போக்கையும் குறிக்கலாம்: நெட்வொர்க் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில் இரண்டாவது கொத்து கேட்பவர்கள் பெருகி வருகிறார்கள்.

நெருக்கடியிலும் சோதித்தோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்க நேர்ந்தது நினைவிருக்கும். தக்காளியை எண்ணி வாங்கினோம். கறிவேப்பிலை வந்துகொண்டுதான் இருந்தது. கொத்தமல்லியை இப்படி நம்ப முடியாது. ஐப்பசி மழையில் கட்டு விலை ஏறினால் உடனே சாக்குக்கு அடியில் பதுங்கிவிடும். வெயில் வந்தால் உறவு கொண்டாடும்.

'அடுக்குமாடிவாசிகளுக்கு மரம் இல்லை, அதனால் கேட்கிறார்கள்' என்பது எதிர்த்தரப்பு வாதம். இதற்கு எங்கள் எதிர்வீட்டு மாமியே மறுப்பு. அவர் கொல்லையில் கறிவேப்பிலை மரம் மாடிவரை வளர்ந்து நிற்கிறது. தெருவில் பாதிப் பேர் அதில்தான் தாளிக்கிறோம். அந்த மாமியும் ஞாயிறு தவறாமல் இரண்டு ஈர்க்கு கேட்டு வாங்குகிறார். காரணம் கேட்டோம். 'இருக்குன்னு விட்டுட்டா, அவ குடுக்கறத மறந்துடுவா. நாளைக்கு மரம் பட்டுப்போச்சுன்னா?' என்றார். இத்தனை தொலைநோக்கு நிதித்துறையில்கூட அரிது. மாமியின் விவரம் எல்லோருக்கும் வாய்க்காது. தாவரவியல் இந்த இலைக்கு வைத்த பெயரில் உள்ள 'கோனிகி', லின்னேயஸிடம் பாடம் கேட்டு 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கைக் குறிக்கிறது. பெயரே அவருடையது என்றாலும், வந்த புதிதில் அவர் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்.

பெருநிறுவனங்களும் இந்த ஆய்வின் திசையில் வரத் தொடங்கிவிட்டன. 2024 மே மாதம், கொத்தமல்லிக்குத் தனிக் காசா என்று ஒரு வாடிக்கையாளரின் தாயார் அதிர்ந்த செய்தி இணையத்தில் பரவியது. உடனே பிளிங்கிட் செயலி, குறிப்பிட்ட அளவு காய் வாங்குவோருக்குக் கொத்தமல்லி இலவசம் என்று அறிவித்தது. நல்ல மனசு. ஆனால் கேளாமலே வருவது கொசுறு அன்று, திட்டம். அதற்கு விதிமுறை உண்டு, குறைந்தபட்சத் தொகை உண்டு. எங்கோ பார்த்துக்கொண்டு பையை விரித்துப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மேலாய்வுக்கு உரியவை பல. குறிப்பாக, கொசுறின் மேல் எல்லை எது? கறிவேப்பிலை உறுதி, பச்சை மிளகாய் ஆளைப் பொறுத்தது, எலுமிச்சை கனவு. இஞ்சி இந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறது என்று அறிய, முகூர்த்தம் பார்த்து, முறைப்படி எங்கோ நோக்கியபடி, ஒரு சிறு துண்டு கேட்டோம். ஆயா கையிலிருந்த தராசை அப்படியே எம் பக்கம் நீட்டினார்.

'இஞ்சியா? இந்தா கண்ணு, இதையும் எடுத்துக்கோ. நாளைலேர்ந்து நீயே கடையப் போடு. நான் வந்து கறிவேப்பில கேக்கறேன்.'