பாம்புக்குக் குடித்தனம் வைக்கும் பேரனுக்கு அப்பாரு சொல்வது

ஏஞ்சாமி, பாம்பு வாங்கியிருக்கறயாமா. சேதி கேட்டதுல இருந்து உங்கப்பத்தா மஞ்சத்துணியில காசு முடிஞ்சுக்கிட்டே இருக்கறா. நான் ஒண்ணும் சொல்லல. டாலஸ்ல தனியா இருக்கறவனுக்கு ஒரு துணை வேணுமல்லோ? அதுவும் எதுத்துப் பேசாத துணை.

மேற்கு ஆப்பிரிக்காப் பால் பைத்தானாம். பயந்தா பந்தாச் சுருண்டுக்குமாம். தேவலை. இங்க வேலியோரத்துச் சாரையப் புடிச்சு வளத்தியிருந்தா, 1972 வனவிலங்குச் சட்டத்துல ரேஞ்சர் ஆபீசுக்கு உனக்குத் தூக்குப்போசி தூக்கிட்டு வந்திருப்பேன்.

கண்ணாடித் தொட்டி வேண்டாம், பிளாஸ்டிக் டப்பே போதும்னயாமா. அது புத்தி. பாம்பு என்ன, ஜன்னல் வழியா வேடிக்கையா பாக்கப்போகுது? வடநெம்மேலியில 1978ல சொசைட்டி ஆரம்பிச்ச இருளருங்க, நல்லபாம்பையே மண்பானைக்குள்ள விட்டு வாயத் துணியில கட்டித்தான் வெப்பாங்க. ஆனா அது விஷம் எடுத்துட்டுக் காட்டுல விடற வரைக்குந்தான். உன்னுது குடியிருக்கற வீடு.

காத்தோட்டைய சால்டரிங் அயர்ன்ல, உள்ள இருந்து வெளிய குத்தோணும். உருகுன பிசிறு வெளிப்பக்கம் நிக்கும், ஒடம்பக் கீறாது. பாம்ப உள்ள விடறதுக்கு முந்தியே போட்டுரு. சிரிக்காதே, நீ செய்யற ஆளுதான். அள்ளியிறைச்சும் போட்டுராதே. ஈரப்பதம் 60 சதம் கிட்ட நிக்கலீன்னா தோலு துண்டு துண்டா உரியும்.

டப்புக்கு அடியில மூணுல ஒரு பங்குக்கு ஹீட் மேட். அந்தக் கோடியில 32 டிகிரி, இந்தக் கோடியில 26. வேணுங்கற எடத்துக்கு அதுவே நவுந்துக்கும். தெர்மோஸ்டாட் இல்லாம மட்டும் பிளக்கச் சொருகாதே. தோலு வெந்தாலும் நவுராமப் படுத்திருக்கற சீவன் அது. உங்கப்பத்தா ஒரு டேபிள் பேன் கேட்டு எத்தனையோ சித்திரை போச்சு. அது கெடக்குது, உடு.

ஒளியறதுக்கு ரெண்டு கோடியிலயும் ஒடம்ப ஒட்டுனாப்ல ஒவ்வொரு பொட்டி வெய்யி. ஒண்ணே ஒண்ணு வெச்சா, ஒளியறதா குளுர் காயறதான்னு அது முழிக்கும். தண்ணிக் கிண்ணம், கவுத்த முடியாத கனத்துல.

கீழ பரப்பறதுக்குத் தேங்கா மட்டைத் தூள மூட்டைக்கு இத்தனை டாலர்னு வாங்குனயாமா! பொள்ளாச்சியில நம்ம களத்துல குமிஞ்சு கெடந்தப்ப மூக்கப் புடிச்சுட்டுப் போனவன் நீ. சீடார் மரத்தூளு மட்டும் வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் பாம்புக்கு ஆவாது.

மூடிக்கு நாலு பக்கமும் கிளிப்பு. தலை நுழையற சந்து கெடைச்சா முழுப்பாம்பும் போயிரும். கீழ்வீட்டு அம்மா குளிக்கற எடத்துல அதப் பாத்துட்டா, அப்பறம் நீதான் வேற வீடு தேடோணும்.

வந்த மொத வாரம் தொடாதே, போட்டோவும் வேண்டாம். தின்னப்பறம் ரெண்டு நாளைக்குத் தூக்காதே. உறைஞ்ச எலிய ஐஸ்பொட்டியில வெக்கோணுமாமா? பொண்ணு வீட்டுக்காரங்க வீடியோவுல வந்தா சமையக்கட்டுப் பக்கம் போனத் திருப்பாதே. இருவது முப்பது வருசம் உசுரோட இருக்குமாமே. ஜாதகத்தோட இதையும் எழுதி அனுப்பட்டுமா, இல்ல நிச்சயம் முடிஞ்சப்பறம் நீயே சொல்லிக்கறயா?